புரோத்தன் சிகிச்சைத் திட்டத்தில் மாறும் ஆர்.பி.ஈ.யைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் இருக்கும் எங்கள் வீட்டு மேசையில், பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளோடு இந்தக் கணக்கைப் பல தடவை செய்திருக்கிறேன். சமன்பாட்டைப் பிழையாக எழுதியவர்கள் மிகக் குறைவு. முதல் தடவையிலேயே சரியான விடை எடுத்தவர்களும் மிகக் குறைவு. சமன்பாட்டுக்குள் எதைப் போடுவது, எதற்குப் பிறகு எதைச் செய்வது என்ற ஒழுங்கில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இங்கே ஒழுங்கைத்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இலங்கையில், புற்றுநோய்க் கட்டிகளைப் புரோத்தன் கற்றையால் தாக்கும் இயந்திரம் இல்லை. எங்கள் நோயாளிகளுக்குக் கிட்டிய இடம் சென்னை. ஆனால் கணக்கைப் படிக்க இயந்திரம் தேவையில்லை. ஒரு மடிக்கணினி போதும்.

1. தொடங்க முன் 1.1 என்பது என்னவென்று தெளிவாகுங்கள்

ஒரே உயிரியல் விளைவைத் தர எக்ஸ் கதிர் எவ்வளவு வேண்டும், புரோத்தன் எவ்வளவு வேண்டும் என்ற விகிதம்தான் ஆர்.பி.ஈ., அதாவது சார்பு உயிரியல் விளைதிறன். கிறே என்பது இழையம் வாங்கும் கதிர் டோஸின் அலகு. 1.1 கிறே எக்ஸ் கதிர் செய்யும் வேலையை 1 கிறே புரோத்தன் செய்தால் ஆர்.பி.ஈ. 1.1.

உலகம் முழுவதும் மருத்துவமனைகள் இந்த 1.1ஐ உடம்பின் எல்லா இடத்துக்கும், எல்லா இழையத்துக்கும் ஒரே எண்ணாகப் பாவிக்கின்றன. கதிர்வீச்சு அலகுகளுக்கும் அளவீடுகளுக்குமான சர்வதேச ஆணைக்குழுவான ஐ.சி.ஆர்.யு.வின் 2007ஆம் ஆண்டின் 78ஆவது அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது. அது ஓர் உடன்பாடு. புரோத்தனின் இயல்பு அப்படி மாறாமல் இருப்பதில்லை.

ஏன் மாறுகிறது? 150 மெகா இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள புரோத்தன் தண்ணீரில் ஏறத்தாழ 15.8 சென்ரிமீற்றர் போகும். புறப்படும்போது ஒரு மைக்கிரோமீற்றர் தூரத்துக்கு அது விட்டுச் செல்லும் சக்தி ஏறத்தாழ 0.54 கிலோ இலத்திரன்வோல்ற்று. வேகம் குறைந்து 10 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு வரும்போது அது 4.6 ஆகிவிடும், அப்போது மிச்சம் இருக்கும் பாதை 1.2 மில்லிமீற்றர் மட்டும். 1 மெகா இலத்திரன்வோல்ற்றில் அது 26. இந்த அளவைத்தான் எல்.ஈ.ரி. என்கிறோம்.

திருவிழா நோட்டீஸ் எறிந்துகொண்டு போகும் ஓட்டோவை நினையுங்கள். வேகமாகப் போகும்போது நோட்டீஸ்கள் தூரத் தூர விழும். சந்தியில் மெதுவாகும்போது ஒரே இடத்தில் குவியும். டி.என்.ஏ.யில் காயங்கள் அப்படிக் கிட்டக் கிட்டக் குவிந்தால் கலத்தால் அவற்றைச் சரியாகத் திருத்த முடியாது. ஆகவே அதே 1 கிறே, பாதையின் முடிவில் கூடுதலாகக் கொல்லும்.

சிக்கல் எங்கே என்றால், பாதையின் முடிவு பெரும்பாலும் கட்டியின் ஓரத்தில், அதாவது நாங்கள் காப்பாற்ற நினைக்கும் நல்ல இழையத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. பௌதிகவியலாளர் ஹரல்ட் பகனெற்றி 2014இல் வெளியிட்ட மீளாய்வில், 2 கிறே டோஸுக்கு சராசரி ஆர்.பி.ஈ. நுழைவாயிலில் 1.1, கட்டியின் நடுவில் 1.15, கடைசி விளிம்பில் 1.35, அதற்கு அப்பால் டோஸ் சரிந்து குறையும் பகுதியில் 1.7 என்று வந்தது. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடை இவற்றில் இருந்து மிகவும் விலகினால், முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள்.

2. தேவையான நான்கு பொருள்கள்

ஒவ்வொரு கற்றைக்கும் தனித்தனியான டோஸ் வரைபடம். ஒவ்வொரு கற்றைக்கும் தனித்தனியான எல்.ஈ.ரி. வரைபடம். உறுப்புகளின் எல்லைக்கோடுகள். சிகிச்சை எத்தனை நாள், அதாவது எத்தனை தவணை என்ற எண்.

கற்றைகளைக் கூட்டிய மொத்த டோஸ் மட்டும் கையில் இருந்தால் தொடங்காதீர்கள். ஏன் என்பது 5ஆவது படியில் விளங்கும்.

உண்மையான நோயாளியின் திட்டம் உங்களுக்குத் தேவையில்லை. படிக்கும் கட்டத்தில் அதைத் தொடவும் கூடாது. ஜெர்மனியின் ஹைடெல்பேர்க்கில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மட்ராட் என்ற திறந்த மூல மென்பொருளில் தலை-கழுத்து, ஈரல், புரொஸ்ரேற் போன்ற மாதிரித் தரவுகள் கூடவே வருகின்றன. அது மட்லாப்பிலும் இலவசமான ஒக்ரேவிலும் ஓடும். இணைய இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணைப்பு இல்லாமலே வேலை செய்யலாம்.

3. டோஸில் 1.1 ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்

அதிகமான பேர் விழும் முதல் குழி இதுதான். திட்டமிடும் மென்பொருள்கள் பெரும்பாலும் 1.1ஆல் பெருக்கிய டோஸைத்தான் வெளியே தருகின்றன. அதை அப்படியே எடுத்து இன்னொரு ஆர்.பி.ஈ.யால் பெருக்கினால் இரண்டு தடவை பெருக்கியதாகிவிடும்.

கோப்பில் டோஸ் வகை என்று ஒரு புலம் இருக்கும். அது பௌதிக டோஸா, உயிரியல் டோஸா என்று சொல்லும். அதைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாமல், கட்டியின் சராசரி டோஸை எடுத்து இப்படிச் சோதியுங்கள்.

30 தவணையில் 54 கிறே ஆர்.பி.ஈ. என்று மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வைப்போம். கட்டியின் சராசரி 54க்குக் கிட்ட இருந்தால், கையில் இருப்பது 1.1 சேர்ந்த மொத்த டோஸ். 49.1க்குக் கிட்ட இருந்தால் மொத்தப் பௌதிக டோஸ். 1.8 என்றால் 1.1 சேர்ந்த ஒரு தவணை டோஸ். 1.64 என்றால் ஒரு தவணைக்கான பௌதிக டோஸ். எங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி எண்தான்.

1.1 சேர்ந்திருந்தால் முழு வரைபடத்தையும் 1.1ஆல் வகுத்துவிடுங்கள். புதிய கோப்பாகச் சேமித்து, பெயரிலேயே பௌதிகம் என்று எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது எது எது என்று உங்களுக்கே நினைவு இருக்காது.

4. மொத்த டோஸைத் தவணைகளால் வகுத்துவிட்டுத்தான் மேலே போங்கள்

ஆர்.பி.ஈ. டோஸின் அளவைப் பொறுத்தும் மாறும். சிறிய டோஸில் கூடும், பெரிய டோஸில் குறையும். காரணம் எக்ஸ் கதிர் பக்கத்தில் இருக்கிறது: ஒரே நாளில் பெரிய டோஸ் கொடுக்கும்போது எக்ஸ் கதிரின் காயங்களும் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிடும். அப்போது புரோத்தனுக்கு இருந்த முன்னிலை சுருங்கும்.

ஓர் இடத்துக்கு 30 தவணையில் மொத்தம் 48 கிறே பௌதிக டோஸ் போகிறது என்று வைப்போம். அது ஒரே நாளில் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு 1.6 கிறே, பிறகு இரவு, கலங்கள் தங்களைத் திருத்திக்கொள்ளும் நேரம், அடுத்த நாள் திரும்பவும் 1.6. ஆகவே சமன்பாட்டுக்குள் போக வேண்டியது 1.6.

சில இடங்களில் எல்லாக் கற்றைகளையும் ஒவ்வொரு நாளும் கொடுக்காமல், இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அப்படியானால் ஒரு நாளுக்குரிய டோஸும் எல்.ஈ.ரி.யும் அன்று கொடுக்கும் கற்றையுடையவை மட்டுமே. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

5. கற்றைகளின் எல்.ஈ.ரி.யை டோஸால் நிறையேற்றிச் சேருங்கள்

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். மூளைத்தண்டின் ஓரத்தில் ஒரு வொக்சல், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனத்துண்டு ஒன்று. முதலாம் கற்றை அங்கே நிற்கப் போகிறது: டோஸ் 0.6 கிறே, எல்.ஈ.ரி. 9. இரண்டாம் கற்றை அதைக் கடந்து போகிறது: டோஸ் 1.0 கிறே, எல்.ஈ.ரி. 2. மொத்த டோஸ் 1.6 கிறே.

அந்த வொக்சலின் எல்.ஈ.ரி. என்ன? நான் கேட்டால் பாதிப்பேர் உடனே 5.5 என்பார்கள், 9ஐயும் 2ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார்கள். சரியான வழி இது:

(0.6 × 9 + 1.0 × 2) ÷ 1.6 = 7.4 ÷ 1.6 = 4.6

கூடுதல் டோஸ் கொடுத்த கற்றைக்குக் கூடுதல் வாக்கு. ஏனென்றால் கலத்துக்குக் கற்றை எது என்று தெரியாது. தன்மேல் விழுந்த சக்தியில் எவ்வளவு பங்கு எவ்வளவு அடர்த்தியாக விழுந்தது என்பதுதான் அதற்குத் தெரியும்.

எல்.ஈ.ரி.யில் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சராசரி எடுக்கும் முறை. டோஸால் நிறையேற்றிய சராசரியும் உண்டு, பாதை நீளத்தால் நிறையேற்றிய சராசரியும் உண்டு. 7ஆம் படியில் ஆர்.பி.ஈ.யைக் கணிக்கப் பாவிக்கப் போகும் கணித மாதிரிகள் இரண்டும் டோஸ் சராசரிக்காகப் பொருத்தப்பட்டவை. மற்றதைப் போட்டால் கணக்கு ஓடும், விடையும் வரும், அது குறைவாக இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இரண்டாவது, எந்தத் துணிக்கைகளைச் சேர்த்தது என்பது. புரோத்தன் அணுக்கருவில் மோதும்போது அல்பா போன்ற பாரமான துண்டுகளும் வெளிவரும். துணிக்கைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் பின்தொடரும் மொன்ரே கார்லோ கணக்கில் அவற்றையும் சேர்த்து எல்.ஈ.ரி. எடுத்தால் நுழைவாயிலிலேயே எண் பெரிதாகிவிடும். புரோத்தன்களின் எல்.ஈ.ரி.யை மட்டும் எடுங்கள். நுழைவாயிலில் 1க்கும் 2க்கும் இடையில், கட்டியின் நடுவில் 2 முதல் 3 வரை, கடைசி விளிம்பில் 5க்கு மேல், அதற்கு அப்பால் 10ஐயும் தாண்டும் என்றால் வரைபடம் ஓரளவு சரி.

6. ஒவ்வொரு உறுப்புக்கும் அல்பா-பீற்றா விகிதத்தைக் கொடுங்கள்

இந்த விகிதம் ஓர் இழையம் தவணை டோஸுக்கு எவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது என்பதைச் சொல்கிறது. அலகு கிறே. வேகமாகப் பெருகும் பெரும்பாலான கட்டிகளுக்கு 10 என்று எடுப்பார்கள். மூளைத்தண்டு, முள்ளந்தண்டு வடம், பார்வை நரம்பு போன்றவற்றில் பல மாதங்கள் கழித்து வரும் பாதிப்புக்கு 2 அல்லது 3. புரொஸ்ரேற் புற்றுநோய்க்கு 1.5 அளவில் மிகக் குறைவாக எடுப்பதுண்டு.

விகிதம் குறையக் குறைய, எல்.ஈ.ரி.யின் தாக்கம் கூடும். அதாவது நாங்கள் காப்பாற்ற நினைக்கும் நரம்பு இழையங்களில்தான் 1.1 என்ற எண் அதிகம் ஏமாற்றும்.

முழு உடம்புக்கும் 10 போட்டு ஓடவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. படம் அழகாக வரும். மூளைத்தண்டில் பெரிய பிரச்சினை எதுவும் தெரியாது. இதன் மறுபக்கமும் உண்டு: கட்டியின் எல்லையும் மூளைத்தண்டின் எல்லையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் வொக்சல்களுக்கு எந்த எண்ணை எடுப்பது என்பது. நான் அங்கே நல்ல இழையத்தின் எண்ணையே எடுக்கச் சொல்வேன். அந்த இடத்தில் நாங்கள் கேட்கும் கேள்வி நரம்புக்கு என்ன ஆகும் என்பதுதான்.

7. மாதிரியைத் தெரிந்து, கையால் ஒரு வொக்சலைக் கணியுங்கள்

கணினியில் ஓடவிட முன் ஒரு வொக்சலையாவது பேனையும் கல்குலேற்றரும் கொண்டு செய்யுங்கள். இதைத் தவிர்த்த ஒருவரும் பின்னால் தன் பிழையைத் தானாகக் கண்டுபிடித்ததை நான் பார்த்ததில்லை.

வெடன்பர்க் குழு 2013இல் வெளியிட்ட மாதிரி கைக்கணக்குக்கு மிக இலகு. அதற்கு இரண்டு எண் வேண்டும். இங்கே விகிதம் என்பது 6ஆம் படியின் அல்பா-பீற்றா விகிதம்.

உயர்வு ஆர்.பி.ஈ. = 1 + 0.434 × எல்.ஈ.ரி. ÷ விகிதம்
இழிவு ஆர்.பி.ஈ. = 1

டோஸ் பூச்சியத்தை நெருங்கும்போது வருவது உயர்வு. டோஸ் மிகப் பெரிதாகும்போது வருவது இழிவு. எங்கள் விடை இரண்டுக்கும் இடையில் விழும்.

பிறகு, எக்ஸ் கதிரும் புரோத்தனும் ஒரே அளவு கலங்களைக் கொல்கின்றன என்று சமன்படுத்தி, இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் உயிரியல் டோஸ் இப்படி வரும். உயர்தரத்தில் படித்த அதே தீர்வு முறைதான்.

உயிரியல் டோஸ் = [ √( விகிதம்² + 4 × டோஸ் × விகிதம் × உயர்வு + 4 × டோஸ்² × இழிவு² ) − விகிதம் ] ÷ 2

எங்கள் வொக்சல்: டோஸ் 1.6, எல்.ஈ.ரி. 4.625, விகிதம் 2.

உயர்வு = 1 + 0.434 × 4.625 ÷ 2 = 2.004
வர்க்கமூலத்துக்குள்: 4 + 25.65 + 10.24 = 39.89
வர்க்கமூலம்: 6.316
2ஐக் கழித்தால் 4.316, பாதி 2.158 கிறே ஆர்.பி.ஈ.

2.158ஐ 1.6ஆல் வகுத்தால் ஆர்.பி.ஈ. 1.35. முப்பது தவணைக்கு 64.7. அதே வொக்சலுக்கு 1.1 கணக்கில் வருவது 1.76 × 30 = 52.8.

மூளைத்தண்டுக்கு வழமையாகச் சொல்லப்படும் எல்லை 54. ஒரு கணக்கில் எல்லைக்குள் இருக்கிறோம், மற்றதில் 10 கிறேக்கு மேல் தாண்டிவிட்டோம். நோயாளியும் அதே ஆள், இயந்திரமும் அதே இயந்திரம்.

இப்போது முந்தைய படிகளில் பிழைவிட்டால் இதே வொக்சலுக்கு என்ன வரும் என்று பாருங்கள். 3ஆம் படியை விட்டு 1.6க்குப் பதிலாக 1.76 போட்டால் மொத்தம் 70.2. 4ஆம் படியை விட்டு, தவணையால் வகுக்காமல் 48ஐ அப்படியே போட்டால் ஆர்.பி.ஈ. 1.02 என்று வரும். இந்தப் பிழைக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். 3ஆம், 5ஆம் படிகளின் பிழைகள் எண்ணைப் பெரிதாக்கிக் கேள்வி கேட்க வைக்கும். இது ஆபத்தையே மறைத்து, எல்லாம் பாதுகாப்பு என்று சொல்லிவிடும். 5ஆம் படியில் 5.5 எடுத்திருந்தால் ஆர்.பி.ஈ. 1.41. 6ஆம் படியில் 10 போட்டிருந்தால் மொத்தம் 55.2 ஆக இறங்கி, மூளைத்தண்டு கிட்டத்தட்ட அமைதியாக இருந்திருக்கும்.

அடுத்து இரண்டாவது மாதிரி. மக்நமாரா குழு 2015இல் தந்தது:

உயர்வு = 0.99064 + 0.35605 × எல்.ஈ.ரி. ÷ விகிதம்
இழிவு = 1.1012 − 0.0038703 × √விகிதம் × எல்.ஈ.ரி.

எங்கள் வொக்சலுக்கு இது ஆர்.பி.ஈ. 1.33 தரும், மொத்தம் 63.8. இரண்டு மாதிரியும் கிட்டக் கிட்ட வருகின்றன. ஆனால் விகிதத்தை 2இல் இருந்து 3க்கு மாற்றினால் வெடன்பர்க் விடையே 62.4க்கு இறங்கிவிடும். ஆக எங்கள் உதாரணத்தில், மாதிரியை மாற்றியதால் வந்த வித்தியாசத்தைவிட விகிதத்தை மாற்றியதால் வந்த வித்தியாசம் பெரிது. எந்த மாதிரி சிறந்தது என்று மணிக்கணக்காக வாதிடும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

8. நிரலைச் சோதிக்க மூன்று கேள்விகள்

எல்.ஈ.ரி.யை எல்லா இடத்திலும் பூச்சியமாக்கி வெடன்பர்க் மாதிரியை ஓடவிடுங்கள். எந்த டோஸுக்கும், எந்த விகிதத்துக்கும் ஆர்.பி.ஈ. துல்லியமாக 1 வர வேண்டும். வராவிட்டால் அடைப்புக்குறி எங்கோ பிழை. மக்நமாராவுக்கு இந்தச் சோதனை 1 தராது. விகிதம் 2, டோஸ் 2 கிறே என்றால் 1.07 வரும். அது உங்கள் பிழையில்லை, அந்த மாதிரியின் பொருத்தம் அப்படி.

டோஸை மிகப் பெரிதாக்குங்கள்: விடை இழிவை நெருங்க வேண்டும். மிகச் சிறிதாக்குங்கள்: உயர்வை நெருங்க வேண்டும்.

கடைசியாக, கையால் செய்த அந்த ஒரு வொக்சலின் விடையையும் கணினியின் விடையையும் ஒப்பிடுங்கள்.

9. டோஸ் இல்லாத இடங்களை மூடிவிடுங்கள்

முதல் தடவை ஆர்.பி.ஈ. வரைபடத்தைத் திறக்கும் எல்லோரும் ஒரு கணம் திகைப்பார்கள். கட்டிக்கு அப்பால் 3, 4 என்று சிவப்பாக எரியும். அங்கே எல்.ஈ.ரி. உண்மையிலேயே அதிகம், ஆனால் டோஸ் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 0.01 கிறேயை 4ஆல் பெருக்கினாலும் 0.04தான்.

அதனால் கட்டியின் டோஸில் ஒரு சிறு வீதத்துக்குக் கீழே உள்ள வொக்சல்களை மறையுங்கள். நான் 5 வீதத்தில் தொடங்குவேன். அதைவிட நல்ல பழக்கம், ஆர்.பி.ஈ.யைத் தனியாகப் பார்க்காமல் எப்போதும் உயிரியல் டோஸைப் பார்ப்பது.

10. எந்த எல்லையோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள்

7ஆம் படியில் 54 என்ற எல்லையைச் சும்மா பக்கத்தில் வைத்தேன். அதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அந்த எல்லை எக்ஸ் கதிர் நோயாளிகளின் அனுபவத்தில் இருந்து, தவணைக்கு 2 கிறே அளவில் கொடுத்த சிகிச்சைகளில் இருந்து வந்தது. எங்கள் வொக்சலோ தவணைக்கு 2.158 வாங்குகிறது. ஆகவே இரண்டையும் 2 கிறே தவணைக்குச் சமமாக மாற்றுங்கள்:

சமமான டோஸ் = மொத்தம் × (தவணை டோஸ் + விகிதம்) ÷ (2 + விகிதம்)

64.7 இப்போது 67.3 ஆகும். 1.1 கணக்கின் 52.8, 49.6 ஆக இறங்கும். இடைவெளி இன்னும் அகன்றுவிட்டது.

அதேநேரம், சில புரோத்தன் நிலையங்கள் தங்கள் எல்லைகளைத் தங்கள் நோயாளிகளின் அனுபவத்தில் இருந்தே, 1.1 கணக்கிலேயே எழுதி வைத்திருக்கும். அப்படியான எல்லையோடு மாறும் ஆர்.பி.ஈ. டோஸை ஒப்பிடக் கூடாது. அந்த எல்லைக்குள்ளேயே கூடுதல் விளைவு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. திரும்பவும் எண்ணினால் இரட்டிப்பாகும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த மாதிரிகள் பெரும்பாலும் ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களில் இருந்து வந்தவை. கலம் செத்ததா, பிழைத்ததா என்பதுதான் அவற்றின் கேள்வி. மூளைத்தண்டு ஒரு வருடத்துக்குப் பிறகு பாதிக்கப்படுமா என்பது வேறு கேள்வி. கணக்கு எல்லையைத் தாண்டுகிறது என்பதற்காக அந்த நோயாளிக்குப் பாதிப்பு வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. இரண்டு திட்டங்களில் எது கூடுதல் கவலைக்குரியது என்று சொல்வதில்தான் இந்தக் கணக்குக்குப் பலம்.

11. விடையை வைத்துக் கற்றையை மாற்றுங்கள், கட்டியின் டோஸை மாற்றாதீர்கள்

இங்கே ஒரு ஆசை வரும். கட்டியின் நடுவில் விகிதம் 10, எல்.ஈ.ரி. 2.5, டோஸ் 1.64 என்று போட்டால் ஆர்.பி.ஈ. 1.08 வரும். உடனே, கட்டிக்குக் குறைவாகப் போகிறதே, கொஞ்சம் கூட்டினால் என்ன என்று தோன்றும். கூட்டக் கூடாது. 54 என்று மருத்துவர் எழுதும்போது, 1.1 கணக்கில் குணமான நோயாளிகளின் அனுபவத்தில்தான் எழுதுகிறார். அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கத்தின் 256ஆவது பணிக்குழு 2019 அறிக்கையும் மருத்துவர் எழுதும் டோஸுக்கு 1.1ஐ வைத்துக்கொண்டு, விளிம்புகளில் கவனமாக இருக்கும்படிதான் சொல்கிறது.

மாற்ற வேண்டியது கற்றை எங்கே நிற்கிறது என்பதை. எங்கள் உதாரணத்தில் முதலாம் கற்றையின் கோணத்தைத் திருப்பி, அது மூளைத்தண்டில் நிற்காமல் வேறு இடத்தில் நிற்கும்படி செய்தோம் என்று வைப்போம். அந்த வொக்சலுக்கு அதே 1.6 கிறே, ஆனால் எல்.ஈ.ரி. 2.8. இப்போது ஆர்.பி.ஈ. 1.22, மொத்தம் 58.5.

64.7இல் இருந்து 58.5. பௌதிக டோஸ் ஒரு துளியும் மாறவில்லை. 1.1 கணக்கு இரண்டு திட்டத்துக்கும் 52.8 என்றே சொல்லும். இரண்டும் ஒன்று என்றே நினைக்க வைக்கும். இந்தக் கணக்கை நான் விடாமல் சொல்லிக்கொடுப்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

செய்யக்கூடியவை: எல்லாக் கற்றைகளும் ஒரே உறுப்பின் வாசலில் நிற்காமல் கோணங்களைப் பரப்புவது, மூளைத்தண்டை நோக்கி நேராகப் பாயும் கற்றையின் பங்கைக் குறைப்பது, வசதி இருந்தால் திட்டமிடலிலேயே எல்.ஈ.ரி.யையும் ஓர் இலக்காகச் சேர்ப்பது. கோணத்தை மாற்றியதும் 3ஆம் படியில் இருந்து முழுவதும் திரும்பச் செய்யுங்கள். கற்றை நுரையீரல், மூக்கறை போன்ற காற்றுள்ள இடங்களுக்குள்ளால் போகத் தொடங்கினால், அது நிற்கும் இடமே நாளுக்கு நாள் மாறலாம். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்றைக் கெடுத்ததாகிவிடும்.

12. ஒரே விடையாக எழுதாதீர்கள்

அறிக்கையில் 64.7 என்று தனியாக எழுதினால் பிழை. இரண்டு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் விகிதம் 2உம் 3உம் என்று நான்கு தடவை ஓடவிட்டு வீச்சாக எழுதுங்கள். பக்கத்திலேயே 1.1 கணக்கின் விடையும் இருக்கட்டும். டோஸ் சராசரி எல்.ஈ.ரி., புரோத்தன்கள் மட்டும், மறைத்த வீதம் இவ்வளவு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் எண்ணை இன்னொருவர் திரும்ப எடுக்க முடியாது.

சென்னையில் சிகிச்சை முடித்துப் பலாலியில் வந்திறங்கும் குடும்பங்கள் சிலவேளை திட்டத்தின் சி.டி.யையும் கொண்டுவருவார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, தெரிந்த குடும்பம் ஒன்றின் சி.டி.யை ஆசையோடு திறந்து கணித்து, வந்த எண்ணை அந்தத் தாயிடமே சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை 1.1ஐ வகுக்காமல் விட்டிருந்தது. பிழையான எண். அந்த அம்மா இரண்டு கிழமை சரியாக நித்திரை கொள்ளவில்லை. நான் நேரில் போய், கணக்கு எங்கே தவறியது என்று காட்டி, சிகிச்சை செய்த மருத்துவரோடு தொலைபேசியில் பேச வைத்த பிறகுதான் அவர் ஆறினார்.

அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு நோயாளியின் கோப்பு எதுவும் வருவதில்லை. யாராவது கேட்டால், சிகிச்சை செய்த மருத்துவரிடமும் அங்குள்ள மருத்துவப் பௌதிகவியலாளரிடமும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுக்கிறேன்: கற்றைகள் எந்த உறுப்புக்கு முன்னால் நிற்கின்றன? அந்த இடத்தின் எல்.ஈ.ரி.யைப் பார்த்தீர்களா?